மாசிலாமணியின் வாயும் என் சைபரும்

வாய்க்குள் நல்ல கிருமிகளைக் குடியேற்றுவதற்கு மாத்திரை வந்துவிட்டதாம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது பல் டாக்டராக இருக்கும் யாழினி போன வாரம் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். நான் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. "இது புது சயின்ஸ் சார், சிரிக்காதீங்க" என்று கோபித்துக்கொண்டாள். "அம்மாடி, இந்தப் புது சயின்ஸை எனக்கு ஒரு பஸ் கண்டக்டர் தொண்ணூறுகளிலேயே சொல்லிக் கொடுத்துட்டாரு" என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரிட்டையர் ஆனவன் கையில் பேப்பரைக் கொடுத்தால் கேட்கவா வேண்டும்?

வேலூரில் லேப் டெக்னீசியன் படித்தேன். ரத்தம், சளி, சிறுநீர், மலம். அந்தப் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொன்னால் யாரும் சாப்பிட முடியாது. திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதில், செங்கம் ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலையில் ரத்தம் எடுப்பேன், மதியத்துக்குள் ரிப்போர்ட் எழுதுவேன், பிறகு கொட்டாவி விடுவேன். இப்படியே என் காலம் போயிருக்கும். பல் பிரிவுக்கு டாக்டர் வசுமதி வந்தார். என் கொட்டாவி நின்றது.

வசுமதி டாக்டரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒல்லி, குள்ளம், பருத்திப் புடவை, கையில் பெரிய ஆண்பிள்ளை வாட்ச். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்"மில் மூன்று வகை உண்டு. சின்ன "ம்" என்றால் சரி. இழுத்த "ம்ம்" என்றால் நம்பவில்லை. மூக்கால் வருகிற "ம்" ஒன்று உண்டு. அது வந்தால் அன்றைக்கு நமக்குச் சனி திசை. நோயாளியிடம் பேசுவதைவிட அவர் பல்லிடம்தான் அதிகம் பேசுவார். "இவர் நல்லவர்தான், பக்கத்துல இருக்கறவரோட சேர்க்கை சரியில்ல" என்று கடைவாய்ப் பல்லைக் காட்டிச் சொல்வார். வாயைத் திறந்தபடி கிடக்கும் ஆசாமி, தன் வாய்க்குள் இவ்வளவு பேர் வாழ்கிறார்களா என்று முழிப்பார்.

அவர் கொண்டுவந்த முதல் வித்தை சிவப்புச் சாயம். கேசரிக்குப் போடுகிற கலரைத் தண்ணீரில் கரைத்துப் பல்லில் தடவுவார், கொப்பளிக்கச் சொல்வார். சுத்தமான இடம் வெள்ளையாக இருக்கும். அழுக்குப் படலம் ஒட்டிய இடமெல்லாம் செக்கச்செவேல் என்று நிற்கும். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இந்தச் சிவப்பு போற வரைக்கும் தேய்ங்க, அதான் பல் தேய்க்கறது. நீங்க இவ்வளவு நாளா செஞ்சது பல்லுக்கு வணக்கம் சொல்றது" என்பார். பௌர்ணமி கிரிவலத்துக்கு மறுநாள் எங்களிடம் கூட்டம் ஜாஸ்தி. அன்றைக்குச் செங்கம் ரோட்டில் வாய் சிவந்து நடக்கிறவர்களைப் பார்த்தால் ஊரே வெற்றிலை போட்டிருக்கிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது வித்தையில்தான் நான் வருகிறேன். என் லேபில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் இருந்தது, கீழே கண்ணாடி வைத்தது. கரண்ட் இல்லாவிட்டாலும் ஜன்னல் பக்கம் திருப்பினால் மலைமேல் அடிக்கிற வெயிலைப் பிடித்துக்கொள்ளும். ஒருநாள் டாக்டர் ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லை ஏந்திக்கொண்டு என் அறைக்கு ஓடிவந்தார். ஆமாம், ஓடித்தான் வந்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் பையிலிருந்து ஒரு சுரண்டல், அதன்மேல் ஒரு சொட்டு உப்புநீர், மேலே மெல்லிய மூடி. சாயம் போடக் கூடாது, சூடு காட்டக் கூடாது, உயிரோடு பார்க்க வேண்டும் என்றார். வெளிச்சத்தைத் தாராளமாக விட்டால் ஒன்றும் தெரியாது. லென்ஸுக்குக் கீழே இருக்கும் கண்டென்சரை இறக்கி, துவாரத்தைச் சுருக்கி, அரை இருட்டாக்க வேண்டும். இறக்கினேன். சுருக்கினேன். நகர்த்தினேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன். தேர்த் திருவிழா ஐயா, தேர்த் திருவிழா. குண்டுகுண்டாகக் கூட்டம் கூட்டமாகச் சில. குச்சிகுச்சியாகச் சில. நடுவில் சுருள்சுருளாக நெளிந்து நீந்தி, மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் சில. சளியில் செத்த கிருமியைச் சாயம் போட்டுப் பார்த்துப் பழகியவன் நான். உயிருள்ள ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோஷத்தில் என் மனைவிக்கு போன் போடலாமா என்று தோன்றியது. வீட்டில் அப்போது போன் இல்லை.

அன்றிலிருந்து ஈறில் ரத்தம் வருகிறவர்கள் எல்லாருக்கும் அவரவர் வாயைக் காட்டுவது வழக்கமாயிற்று. ஆளுக்கு ஒரு மாதிரி பார்ப்பார்கள். அடி அண்ணாமலை விவசாயி ஒருவர், "நெல்லுல பூச்சி பாத்துருக்கேன், பல்லுல இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்து அடிக்க எவ்வளவு தண்ணி கலக்கணும் என்று கேட்டார். வேங்கிக்கால் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்த தீவிர சைவர், இத்தனை உயிர் ஓடுகிறதே, பல் தேய்த்தால் பாவமில்லையா என்று கலங்கிப்போனார். டாக்டர் யோசிக்கவே இல்லை. "நீங்க சைவம்தான் சார். அவங்க உங்களைத்தானே தின்றாங்க, அவங்க சைவமில்ல" என்றார். மனிதர் அங்கேயே பிரஷ் வாங்கக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கொண்டாட்டத்தில்தான் மாசிலாமணி வந்து சேர்ந்தார்.

வேலூர் போகிற தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். நாற்பது வயதுக்குள் இருக்கும். நல்ல உயரம், நல்ல மீசை, வாயைத் திறந்தால் மட்டும் இரண்டடி பின்னால் போக வேண்டும். ஈறு வீங்கி, மேலும் கீழும் முன்பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. வேறெங்கோ காட்டியதில் முன்பல் எட்டையும் பிடுங்கிவிட்டு செட் கட்டிக்கொள்ளச் சொன்னார்களாம். அதற்குத்தான் வந்திருந்தார். டாக்டர் எட்டு பல்லையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எல்லாரும் போகத் தேவையில்லை, மூன்று மாதம் கொடுங்கள் என்றார். மாசிலாமணிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. காரணத்தை டாக்டரிடம் சொல்லவில்லை. என் அறையில் ஸ்லைடுக்குக் காத்திருந்தபோது, தரையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"சார், பஸ்ல ஜனங்க மூஞ்சியத் திருப்பிக்கினா பரவால்ல, டிக்கெட் வாங்கிக்கினு எறங்கிடுவாங்க. வூட்ல அவளும் திருப்பிக்கிறா சார். ஒரு வருசமா நான் பேச வாயத் தொறந்தாலே அடுப்படிக்குப் போயிடறா. பல்லே இல்லன்னா நாத்தமும் இருக்காது இல்ல?"

மனைவி பெயர் செல்வி என்றார். சண்டை எதுவும் இல்லையாம். சண்டை போடவாவது கிட்டே வருவாள் இல்லையா என்றார்.

ஸ்லைடைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தலையைத் தூக்கியபோது கை தானாகவே நாக்குக்குப் போனது. டிக்கெட் கட்டிலிருந்து ஒன்றைக் கிழிக்க, அந்தக் காலத்துக் கண்டக்டர்கள் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக் கொள்வார்கள். அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம். விரல் பாதி வழியில் நின்றது. "இந்த எச்சிலத்தான் சார் ஒரு நாளைக்கு ஐநூறு பேர் கையில குடுக்கறேன்" என்றார். எச்சில் படாமல் தூக்கிக் குடிக்கச் சொல்லி நம்மை வளர்த்தவர்கள் மைக்ராஸ்கோப் பார்த்ததில்லை. ஆனாலும் ஏதோ தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். மறுநாளே ஒரு சின்ன டப்பியில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டாராம்.

டாக்டர் போட்ட திட்டம் இது. நான்கு தடவையாக ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வது. மெத்தென்ற பிரஷ், ஈறோரமாக வைத்து மெதுவாகத் தேய்ப்பது. பல் இடுக்கில் நூல். நாக்கு வழிப்பது. வாய் கொப்பளிக்கும் மருந்து காலையும் இரவும், இரண்டே வாரம், அதற்கு மேல் வேண்டாம். "ரெண்டே வாரம்" என்று இரண்டு விரலைக் காட்டினார். வாரா வாரம் ஸ்லைடு பார்ப்பது என் வேலை.

இங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். எனக்கு எண்ணுவது பிடிக்கும். லென்ஸில் தெரிகிற ஒரு வட்டத்துக்குள் எத்தனை சுருள் நெளிகிறது என்று எண்ணி, ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் நாற்பதுக்கு மேல். அடுத்த வாரம் முப்பது. மாசிலாமணிக்கு நோட்டைக் காட்டினேன். போளூரில் முன்னால் போகிற போட்டி பஸ்ஸை எட்டிப் பிடித்துவிட்ட மாதிரி அவர் முகம் பிரகாசமானது. வாசல் வரை கூடவே போய், "சைபர் வரணும் மாசிலாமணி. ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாது" என்று சொன்னேன். சொன்னது நான். டாக்டர் இல்லை, நான்.

ஒரு கண்டக்டரிடம் இலக்கைச் சொல்லிவிட்டால் ஆயிற்று. கொப்பளிக்கும் மருந்தை இரண்டு வாரத்தில் நிறுத்தவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டு போளூரில் ஒரு வாய், கண்ணமங்கலத்தில் ஒரு வாய், வேலூரில் ஒரு வாய், திரும்பும்போது அதே மாதிரி. போதாது என்று மருந்துக் கடையில் தானாகவே கிருமிக்கான மாத்திரை வாங்கி, நிறுத்தாமல் விழுங்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டு. இருபது. எட்டு. மூன்று.

ஆறாவது வாரம் ஸ்லைடை வைத்தேன். ஒரு வட்டம் பார்த்தேன், நகர்த்தினேன், இன்னொரு வட்டம். எதுவும் அசையவில்லை. நோட்டில் பெரிய சைபராகப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தேன். எனக்கே மாலை போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. மேல்துண்டு இருந்தால் சுழற்றியிருப்பேன். பல் பிரிவுக்கு ஓடி, "டாக்டர், சைபர்" என்றேன்.

டாக்டர் அப்போது மாசிலாமணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கால் "ம்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பற்களெல்லாம் டீ டிகாஷனில் ஊறப்போட்டது போலப் பழுப்பாகக் கிடந்தன. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் திரிந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. சாப்பாட்டில் உப்பு புளி எதுவும் தெரியவில்லையாம், காரம் பட்டால் எரிகிறதாம். இனிமேல் பொறுக்க முடியாது, எட்டையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் போலத் தெரிந்தது.

டாக்டர் எழுந்து என் அறைக்கு வந்தார். என் ஸ்லைடைத் தானே பார்த்தார். பிறகு நகர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார். "அசையறதை மட்டும் பாக்காதீங்க" என்றார். பார்த்தேன். அங்கே இருந்தார்கள். முட்டை வடிவத்தில், பெரிது பெரிதாக, முதுகில் ஒரு குட்டி மொட்டு முளைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பூஞ்சைக் காளான். நெளிகிறவர்களை மட்டுமே எண்ணி எண்ணி, வீட்டுக்குள் பாய் விரித்து உட்கார்ந்தவர்களை நான் கண்ணால் பார்த்தும் பார்க்கவில்லை. லேப் டெக்னீசியன் என்று போர்டு வேறு.

டாக்டர் திரும்பி வந்து மாசிலாமணியிடம் மருந்து, மாத்திரைக் கதையெல்லாம் கேட்டறிந்து, இப்படியெல்லாம் யார் சாப்பிடச் சொன்னது என்று கேட்டார். மாசிலாமணி என்னைப் பார்க்கவே இல்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

"பஸ்ல ஒரு பெரியவர் சொன்னாருங்க."

என்னைக் காப்பாற்றுகிறார். வாய் வெந்துபோய், பெண்டாட்டி அடுப்படியில் போய் நிற்க, இந்த மனிதர் என்னைக் காப்பாற்றுகிறார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் என்னை நோயாளி நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் கீழ்ப்பல் ஓரத்தில் ஒரு சுரண்டு சுரண்டி, அவரே ஸ்லைடு தயாரித்து, மாசிலாமணியையும் என்னையும் லேபுக்கு அழைத்துப் போனார். என்னைப் பார்க்கச் சொன்னார். குண்டுகள், குச்சிகள், கூட்டமென்றால் கூட்டம். இரண்டு மூன்று நெளிந்துகொண்டும் போயின.

"எத்தனை, தணிகாசலம்?" என்று என்னைக் கேட்டார்.

"எண்ண முடியாது டாக்டர்."

"உங்க ஈறுல ரத்தம் வருதா?"

"இல்ல டாக்டர்."

"நாத்தம்? வலி? பல் ஆடுதா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப இவங்கெல்லாம் யாரு?"

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். "நான்தான் டாக்டர் சொன்னேன். சைபர் வரணும்னு. பெரியவர் யாரும் இல்ல."

"தெரியும்" என்றார். "சைபருக்கு யாராவது ரெண்டு கோடு போடுவாங்களா?"

அவ்வளவுதான் அவர் என்னைத் திட்டியது. பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பி, போளூரில் எல்லாரையும் இறக்கிவிட்டு பஸ்ஸைக் கதவு திறந்தபடி காலியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டார்.

மாசிலாமணி யோசித்தார். "எவன் வேணா ஏறுவான்மா. குடிச்சிட்டு ஏறுவான், எறங்கச் சொன்னா எறங்க மாட்டான்."

"உங்க வாயில அதான் நடந்திருக்கு. எல்லா வாயிலயும் ஆளுங்க இருப்பாங்க, இருக்கணும். பாதிப் பேரு குடும்பஸ்தங்க, நம்ம சோத்தத் தின்னுட்டு நம்ம சீட்டுக்குக் காவல் இருக்கறவங்க. நான் ஜாஸ்தியா ஆடறவனை மட்டும் கம்மி பண்ணச் சொன்னேன். நீங்க குடும்பத்தையே எறக்கி விட்டுட்டீங்க."

மாசிலாமணி மறுபடி குனிந்து என் வாயை, அதாவது என் ஸ்லைடை, வெகு மரியாதையோடு பார்த்தார். நிமிர்ந்து, "சீட்டு காலியா வுடக் கூடாது, இல்லம்மா?" என்றார். இப்படித்தான் யாழினியின் புது சயின்ஸ் எங்கள் ஊரில் ரிலீஸ் ஆனது.

பல் எதுவும் அன்றைக்கு எடுக்கவில்லை. கொப்பளிக்கும் மருந்தும் மாத்திரையும் நின்றன. வெள்ளைப் படலத்துக்குப் பூசும் மருந்து கொடுத்தார். கறையைத் தேய்த்து எடுத்தார். மிச்சம் இருந்த சுத்தம் செய்யும் வேலையை, ஒரு பல்லுக்கு அரை மணி என்று, ஈறு ஈறாகச் செய்தார். நான் பக்கத்தில் நின்று உறிஞ்சும் குழாயைப் பிடித்தேன். யாரும் சொல்லாமல் நானே ஏற்றுக்கொண்ட தண்டனை. நோட்டில் நெளிகிறவர்களோடு குண்டுகளுக்கும் குச்சிகளுக்கும் சேர்த்து இடம் போட்டேன். குண்டுகள் திரும்பி வந்த வாரம் நானும் மாசிலாமணியும் ஜன்னலோரம் நின்று, பொண்ணு பிறந்த வீடு மாதிரி இனிப்பு சாப்பிட்டோம். டாக்டர் பார்த்தார். அதிரசம் பல்லுக்குக் கெடுதல் என்று சொல்லிவிட்டு ஒன்று எடுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. கீழ்வரிசையில் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை, அவர் போனார். மற்ற ஏழு பேரும் நின்றார்கள். டாக்டர் கருவியின் பின்முனையால் ஒவ்வொருவரையும் அசைத்துப் பார்த்து, ஏழு தடவை சின்ன "ம்" போட்டார். மாசிலாமணிக்கு அந்த பாஷை அதற்குள் புரிந்திருந்தது. விசிலை எடுத்து ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஊதிவிட்டார். பக்கத்து அறையில் பிரசவத்துக்கு வந்திருந்தவர்கள் எழுந்து ஓடிவந்தார்கள்.

அவர் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு துருதுருத்தது. கேட்கவில்லை. ஒரு தடவை வாயை விட்டுப் பட்டது போதாதா?

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ஒயர் கூடையோடு ஒரு அம்மா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், தலை நிறையக் கனகாம்பரம். பல் வலியா என்று கேட்டேன், இல்லை. ரத்தம் வருகிறதா, இல்லை. கூச்சம், சொத்தை, எதுவும் இல்லை. பின்னே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன், கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் நாற்காலியில் உட்காரவைத்து வாயைப் பார்த்தார். முப்பத்திரண்டும் முத்து. நல்லா இருக்கும்மா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குப் புரியலையே என்றார்.

அந்த அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"கண்டக்டர் மாசிலாமணி வூட்டுக்காரிங்க நான். செல்வி. அவரு வூட்ல வந்து ஒரே கிருமி பாடம். புருசன் வாயில இருக்கறது பொண்டாட்டி வாய்க்கும் வருமாமே. போன வாரம் வரைக்கும் எனக்கு அந்தக் கவலை இல்லீங்க டாக்டரம்மா." நிறுத்திக்கொண்டார். காது வரை சிவந்துபோயிருந்தது. "இப்ப பாத்துக்கறது நல்லதுன்னு தோணுச்சு."

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி வாட்ச்சில் மணி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் ஸ்லைடு தயார் செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லேபுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உப்புநீர் ஸ்லைடில் விழாமல் மேஜையெல்லாம் விழுந்தது. முப்பது வருஷத்துக்குக் கிட்டே வேலை பார்த்திருக்கிறேன், எத்தனையோ ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்குச் செல்வி பெயருக்கு எதிரே எழுதும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்.